சும்மா கிடக்கிற இடமா இது?

மதுரையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மிருகக்காட்சி சாலை இல்லை என்று வெளியூர்க்காரர்கள் குறைப்படுவதுண்டு. யார் சார் சொன்னது? ஊரைச் சுற்றி மூன்று மிருகங்கள் காலங்காலமாகப் படுத்துக் கிடக்கின்றனவே! வடகிழக்கே யானை, மேற்கே பாம்பு, தென்மேற்கே பசு. யானைமலை, நாகமலை, பசுமலை. கூண்டு கிடையாது, டிக்கெட் கிடையாது, தீனிச் செலவும் கிடையாது.

மூன்றும் மதுரையை அழிக்க மந்திரத்தால் ஏவி விடப்பட்டவை என்கிறது திருவிளையாடல் புராணம். யானையும் பாம்பும் அம்பு பட்டு விழுந்து மலையாயின. பசு விஷயத்தில் மட்டும் அம்பு, ரத்தம் எதுவும் இல்லை. சொக்கநாதர் தன் நந்தியை அனுப்பினார். வந்த நந்தியின் அழகைப் பார்த்து மயங்கி விழுந்த பசு, விழுந்தபடியே மலையாகிவிட்டதாம். சைட் அடித்தே மலையான ஜீவன் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

ஆக, பசுமலை என்றால் பசுவின் மலை. பசுமையான மலை என்று அர்த்தமில்லை. சித்திரை மாத மத்தியானத்தில் வந்து நின்றீர்களானால் இதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. பாறை கொதிக்கும், புல் சருகாகிக் கிடக்கும், செருப்பில்லாமல் நாலடி வைக்க முடியாது. ஆனால் மார்கழியில் வாருங்கள். இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

'மதுரைக்கு ஏது குளிர்காலம்? வெயில் காலம், கடும் வெயில் காலம், கரன்ட் போன வெயில் காலம், அவ்வளவுதானே!' என்று நீங்கள் சிரிக்கலாம். விடியற்காலை தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டும். அதற்கே எங்களூர்க்காரர்கள் மங்கி குல்லா, மப்ளர், காதில் பஞ்சு என்று இமயமலை ஏறப்போகிற தோரணையில் டீக்கடைக்கு வருவார்கள். ஆனால் விஷயம் குளிரில் இல்லை, மழையில் இருக்கிறது. வருஷத்துக்கு வரும் மழையில் ஏறக்குறையப் பாதியை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டிவிட்டுப் போய்விடும். அதனால் மேல்நாட்டில் மரமெல்லாம் மொட்டையாகி நிற்கிற மாதத்தில், இங்கே கல்லிடுக்கில்கூட ஏதாவது ஒன்று முளைத்து நிற்கும். 1845-ல் அமெரிக்க மிஷன்காரர்கள் திருமங்கலத்திலிருந்த தங்கள் செமினரியைப் பசுமலைக்கு மாற்றினார்கள். பின்னால் அதுவே அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. பனியில் கிறிஸ்துமஸ் கொண்டாடிப் பழகிய அந்த மனுஷர்களுக்கு முதல் டிசம்பரில் இந்த மலையடிவாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பூத்துக் குலுங்குகிற மஞ்சள் ஆவாரமும் மேலே நீல வானமும்... எந்த வாழ்த்து அட்டையிலும் இல்லாத டிசம்பர்!

போன மார்கழியில் என் அக்கா மகன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையில் பைனாகுலர், போனில் பறவைச் சத்தத்தைக் கேட்டதுமே பெயர் சொல்கிற 'மெர்லின்' என்ற ஆப், செடியைப் படம் பிடித்தால் ஜாதகமே சொல்கிற இன்னொரு ஆப்.

"மாமா, முதுமலைக்குப் போவோமா? இல்லே, வேடந்தாங்கல்?"

"முதல்ல மாடக்குளம் கண்மாய் வரைக்கும் நடப்போம் மாப்ளே. அப்புறம் முதுமலை."

"மாடக்குளமா? அங்க என்ன இருக்கு? சும்மா கிடக்கிற இடம்தானே மாமா!"

இந்த 'சும்மா கிடக்கிற இடம்' என்கிற வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ரெவின்யூ ரிக்கார்டில் இதற்கே 'தரிசு', 'புறம்போக்கு' என்று வேறு பெயர்கள் உண்டு. ஓர் இடத்துக்கு இந்தப் பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொட்டலாம், எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஆகிவிடுகிறது.

காலை ஐந்தே முக்கால். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. டீயைக் குடித்துவிட்டு மலையடிவாரப் பாதையில் திரும்பினோம். மலை மேல் இருக்கும் பெரிய ஹோட்டல், அந்தக் காலத்தில் ஹார்வி மில் துரைகள் குடியிருந்த பங்களா. அங்கிருந்து மயில் அகவியது. கீழே வேலிக்குள்ளிருந்து அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விசில். யாரோ பையன் விரலை மடக்காமல், வாயாலேயே இரண்டு சுருதியில் 'ட்வீ... ட்யூ' என்று ஊதுகிற மாதிரி. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மாப்ளே, மணி பாரு."

"ஆறு அடிக்கப் போகுது. ஏன் மாமா?"

"அதான் அவர் ஊதுறார்!"

ஆறுமணிக்குருவி. காலை ஆறுமணி வாக்கிலும் சாயங்காலம் ஆறுமணி வாக்கிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இலைச்சருகுக்குள் திருடன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கி நடப்பதால் வந்த பட்டம். மைனாவை விடச் சின்னது, வால் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்குக் குட்டை வால். ஆனால் கலர் இருக்கிறதே! பச்சை முதுகு, தோளில் பளீரென்ற நீலம், வயிற்றுக்கடியில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்பு மை. இந்திக்காரர்கள் 'நவ்ரங்' என்கிறார்கள். நம்ம ஊர்க் கல்யாண சீரியல்-செட் தோற்கும்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வருகிறது. வந்து சேருகிற களைப்பில் சில சமயம் யார் வீட்டு வராந்தாவிலாவது பொத்தென்று விழும். "வீட்டுக்குள்ளே கலர் கிளி வந்துச்சு" என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னால், பத்தில் ஒன்பது தடவை அது இதுவாகத்தான் இருக்கும். அப்படி விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூனையிடமிருந்து காப்பாற்றி, இருட்டான அட்டைப்பெட்டிக்குள் கொஞ்ச நேரம் விட்டு, தெளிந்ததும் புதர்ப்பக்கம் திறந்துவிடுங்கள். கூண்டில் அடைத்து ஃபோட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தால் செத்துப்போகும்.

அதற்கு வேண்டியது என்ன தெரியுமா? குப்பை! இலைக்குப்பை. மரத்தடியில் இலை விழுந்து மக்கி, அதற்குள் புழுவும் பூச்சியும் இருந்தால்தான் நடந்து நடந்து இலையைப் புரட்டித் தின்ன முடியும். நாமோ காம்பவுண்டுக்குள் ஒரு சருகு விழுந்தாலும் கூட்டிப் பெருக்கிக் கொளுத்திவிட்டு, தரையெல்லாம் டைல்ஸ் பதித்து 'என்ன சுத்தம்!' என்று மெச்சிக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த விருந்தாளிக்கு வாசலில் துடைத்து வைத்த தட்டைக் காட்டுகிற கதைதான்.

அரை மணி நேரம் அந்த வேலியோரமே நின்றோம். மருமகன் ஒரே ஒரு தடவை அதன் முதுகைப் பார்த்தான். அதற்குள் என் வேட்டியின் கீழ்ப்பாதி முழுக்க நாயுருவி. காயெல்லாம் தண்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஊசி முனையை நீட்டிக்கொண்டு, எவனாவது வரமாட்டானா என்று காத்திருக்கும் செடி. ஓசியில் பஸ் ஏறுகிற பயணி மாதிரி! நாய் மேலே, ஆடு மேலே, எழுத்தாளர் வேட்டி மேலே ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவில் போய் இறங்கிக்கொள்ளும்.

அந்தப் பக்கமாக ஆடு பத்திக்கொண்டு ஒரு கிழவி வந்தார். பத்துப் பன்னிரண்டு ஆடு, கையில் தொரட்டி. நாங்கள் குனிந்து வேட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னாப்பு, காலங்காத்தால காசு எதும் தொலைச்சிட்டீகளா?"

"இல்லே அப்பத்தா, செடி கொடி பாக்க வந்தோம்."

"செடியப் பாக்கவா? அதுக்கா மெட்ராஸ்லேருந்து வந்தீக?"

மருமகன் விடவில்லை. ஆப்பைத் திறந்து ஒரு மஞ்சள் பூவைப் படம் பிடித்தான். "சென்னா ஆரிகுலேட்டா!" என்றான் வெற்றியாக.

"அது என்னாத்தையோ... ஆவாரம்பூய்யா இது" என்றார் அப்பத்தா. அதோடு நிற்கவில்லை. அதன் பட்டையை வைத்துத்தான் அந்தக் காலத்தில் தோல் பதனிட்டார்கள், பூவைக் கூட்டு வைக்கலாம், காயவைத்துத் தண்ணியில் போட்டுக் குடிக்கலாம், பொடி பண்ணித் தேய்த்துக் குளிக்கலாம். அடுத்து தும்பை. அடுத்து குப்பைமேனி. அடுத்து முடக்கத்தான். ரசம் வைத்தால் மூட்டுவலிக்குக் கேட்கும். அடுத்து வேலிப்பருத்தி. அடுத்து பிரண்டை. ஆப் ஒரு செடிக்குச் சுற்றிச் சுற்றி யோசிக்கிற நேரத்தில் அப்பத்தா நாலு செடி முடித்துவிட்டார். அந்த ஆப்பைக் குறை சொல்லவில்லை. அது பெயரைச் சொல்கிறது. அப்பத்தா உறவுமுறையைச் சொன்னார்.

தரையோடு தரையாக, வெள்ளைப் பஞ்சை உருட்டி ஒட்டிய மாதிரி ஒரு செடி. "இது தெரியுமாய்யா?" என்று மருமகனைக் கேட்டார். அவன் முழித்தான். அது பூளைப்பூ. பீளை, கண்பீளை என்று ஊருக்கு ஒரு பெயர். பொங்கலுக்கு முன்னே காப்புக் கட்டுகிறோமே, வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வாசலில் செருகுவது இதுதான். சென்னையில் இவன் இருக்கும் அபார்ட்மென்ட் வாசலில் விற்கிறார்களாம், ஒரு சின்னக் கட்டு இருபது ரூபாய். இங்கே காலடியில் ஏக்கர் கணக்கில் கிடந்தது. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. தைப்பொங்கலுக்கு முன்னே இந்த மூன்று செடியும் வீட்டு வாசலுக்கு வரவேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லோரும் இந்த முள்ளுக்காட்டுப் பக்கம் நடக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. இப்போது நமக்குப் பதில் பூக்காரம்மா நடக்கிறார்.

"முன்ன மாதிரி இல்லேய்யா. போன வருசம் ஆடு மேச்ச எடத்துல இந்த வருசம் கல்லு ஊண்டிட்டாக" என்று சொல்லிவிட்டு அப்பத்தா போய்விட்டார். ஆடுகள் முன்னாலேயே போய்விட்டிருந்தன.

மின்கம்பியில் ஒரு பறவை. பழுப்பு உடம்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, கொக்கி மாதிரி அலகு. பழுப்புக் கீச்சான். சைபீரியா, வடசீனம் பக்கமிருந்து வருகிறது. கீச்சான்களில் ஒரு விசேஷம், குளிர்காலத்துக்கென்று தனக்கு ஓர் ஏரியாவைப் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வருஷமும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதுண்டு. மதுரை-சென்னை பாண்டியன் எக்ஸ்பிரஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற ஆசாமிகளைப் பார்த்திருக்கிறீர்களல்லவா? அதே ஜாதி. என்ன, இவர் துண்டு போட்டுவிட்டு சைபீரியா போய் வருகிறார்! ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கும்போது அந்த முள்மரம் அங்கே இருக்க வேண்டும்.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருப்பரங்குன்றத்து முருகன் கோபித்துக்கொள்வார். எதிரேயே இருக்கிறார். மார்கழி மயிலைப் பார்த்து மருமகனுக்கு ஒரே ஏமாற்றம். தோகை பாதிதான் இருந்தது. ஆண் மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையை உதிர்த்துவிடும். அப்புறம் புதிதாக வளர மாசக்கணக்கில் ஆகும். சலூனில் பாதி முடிவெட்டும்போது கரன்ட் போனவர் மாதிரி வெட்கமே இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தது. 1963-லிருந்து தேசியப் பறவை. சுற்றுவட்டார விவசாயிகளைக் கேட்டால் வேறு பட்டம் கொடுப்பார்கள். விதைத்த கடலையைக் கிளறித் தின்றுவிடுகிறது என்று அழுகிறார்கள். முட்டையைத் தின்கிற நரிகள் குறைந்ததுதான் காரணம் என்பது அவர்கள் கட்சி. சட்டத்தைத் தொட முடியாது, கடலையையும் காப்பாற்ற முடியாது. மயில் பக்தர்கள் இதற்கொரு வழி சொல்ல வேண்டும்.

கொஞ்சம் பாறை மேல் ஏறினோம். ஏழரை மணி வெயில் பதமாக இருந்தது. தெற்கே திருப்பரங்குன்றம். மேற்கே நாகமலை நீளமாகப் படுத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கீழக்குயில்குடிச் சமணர் மலை. வடக்குப் பக்கம் பளபளவென்று ஒரு தண்ணீர்த் தகடு. மாடக்குளம் கண்மாய்.

"இதா மாமா? இது சும்மா ஒரு கண்மாய்தானே?" என்றான் மருமகன். மறுபடி 'சும்மா'!

பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நம்ம ஊருக்கு என்ன விலாசம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'மாடக்குளக்கீழ் மதுரை'. அதாவது மாடக்குளத்துப் பாசனத்துக்குக் கீழே இருக்கும் மதுரை! இன்றைக்கு மதுரைக்குப் பக்கத்தில் மாடக்குளம் என்கிறோம். அன்றைக்கு மாடக்குளத்தை வைத்துத்தான் மதுரைக்கே அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். தலைநகரத்தை ஒரு கண்மாயின் பெயரால் அடையாளம் சொன்ன ராஜாக்கள்!

இன்னொரு பழைய ஆளையும் சொல்ல வேண்டும். சத்திமுத்தப் புலவர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மாறன் வழுதியைப் பார்த்துப் பரிசு வாங்க மதுரைக்கு வந்தவர், குளிரில் போர்வைகூட இல்லாமல் சுருண்டு கிடந்து, தலைக்கு மேலே பறந்த செங்கால் நாரையிடம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பினார். அந்தப் பாட்டில் இரண்டு விஷயங்களை நான் எப்போதும் ரசிப்பேன். ஒன்று, தெற்கே குமரி வரை போய்விட்டு வடக்கே திரும்புகிற பறவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வலசை என்பதை வெள்ளைக்காரன் வந்து வளையம் மாட்டிச் சொல்வதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே! இரண்டாவது, நாரையின் அலகுக்கு அவர் சொல்கிற உவமை பனங்கிழங்கு. பனங்கிழங்கு எப்போது வரும்? மார்கழி, தையில். மதுரை வீதியில் கிழங்கு விற்கிற அதே சீசனில்தான் நாரையும் வந்திருக்கிறது. பசியோடு கிடந்த புலவருக்குப் பார்த்ததெல்லாம் பனங்கிழங்காகத் தெரிந்ததில் ஆச்சரியமென்ன? இன்று தென்மாவட்டங்களில் செங்கால் நாரையைப் பார்ப்பதே அபூர்வம். பனங்கிழங்கு மட்டும் மாறாமல் பொங்கலுக்கு வந்துவிடுகிறது.

கீழே இறங்கி, வீடுகளுக்கு நடுவே சந்து சந்தாக நுழைந்து, கண்மாய்க் கரை ஏறினோம். வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்பியிருந்தது. நடுவில் நாட்டுக்கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அதில் கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து நீர்க்காகங்கள். நெற்றியில் நாமம் போட்ட நாமக்கோழி. எட்டிப்பார்த்து முங்கி, வேறெங்கோ எழுகிற முக்குளிப்பான். ஒரு பக்கம் ஈரத்தரையில் மஞ்சள் வாலாட்டிகள், நிற்கத் தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தன. தண்ணீர் மேல் தகைவிலான் குருவிகள் கத்தரி போட்டன. கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் வரிசை.

கரையோரச் சேற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஓட்டலில் பந்தி போட்ட மாதிரி இருக்கும். சேறும் தண்ணீரும் சந்திக்கிற ஓரத்தில் வாலாட்டி. கணுக்கால் தண்ணீரில் உள்ளான். முழங்கால் தண்ணீரில், சிவந்த குச்சிக்கால்களோடு நெடுங்கால் உள்ளான். அதற்கும் உள்ளே நத்தைகுத்தி நாரை. நீந்துகிற ஆழத்தில் நீலச்சிறகி, தட்டைவாயன் வாத்துகள். தட்டைவாயனுக்கு அலகே ஒரு கரண்டி. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற பார்ட்டி. ஒருவர் இலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அவரவர் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் தக்க இடம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கண்மாயை 'அழகுபடுத்துகிறேன்' என்று பல ஊர்களில் கிளம்பியிருக்கிறார்கள். சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, நடுவில் ஒரே ஆழமாகத் தோண்டி, கரையில் வாக்கிங் டிராக், கலர் லைட், செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்க 'ஐ லவ்' போர்டு. தண்ணீர் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் சரிவான கரையும் சேறும் போய்விட்டால் பந்தியில் பாதி இலை போச்சு. கால் நனைத்து மேய்கிற பறவை எதுவும் அங்கே இறங்க முடியாது. தூர் வாருவது வேறு, தொட்டி கட்டுவது வேறு.

சீமைக்கருவேலம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, பிறகு விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பரப்பப்பட்டு, கண்மாய் கண்மாயாக அடைத்துக்கொண்டது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜே.சி.பி.க்கு நாட்டுக்கருவேலமும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான். இரண்டிலும் முள் இருக்கிறதே! கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற நாட்டு மரத்தையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்ட பிறகு வித்தியாசம் சொல்லி என்ன புண்ணியம்? பிடுங்குகிறவருக்குப் பக்கத்தில் அந்த அப்பத்தா மாதிரி ஓர் ஆள் நிற்க வேண்டும்.

கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பைனாகுலர், நோட்டு, பேனா. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணே, ப்ளாட் பாக்க வந்தீகளா?"

"இல்லேண்ணே, பறவை பாக்க."

அவர் நம்பவில்லை. "சும்மா சொல்லுங்கண்ணே, நானும் இந்தத் தொழில்தான். அளக்க வந்தீகன்னா சொல்லிருங்க."

மருமகன் அவர் கண்ணில் பைனாகுலரை வைத்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஆள் திருப்பித் தருகிற வழியாக இல்லை. "அடேய்ப்பா! அந்த வாத்துக்குக் கண்ணுக்கு மேல வெள்ளக்கோடு போட்டிருக்குண்ணே!" என்றார். ஆண் நீலச்சிறகிக்கு அதுதான் அடையாளம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ரஷ்யா பக்கமிருந்து என்றேன். "இம்புட்டுக்காண்டு வாத்து!" என்று சொல்லிவிட்டு மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கரையிலேதான் திரியிறேன் என்றும் சொன்னார்.

அவரிடம் அரிட்டாபட்டி பற்றிப் பேச்சு வந்தது. மதுரைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலூர் பக்கத்தில் பாறையும் முள்காடும் சுனையும் கண்மாயுமாக, பார்வைக்கு இந்தப் பசுமலை, சமணர் மலை மாதிரியே ஓர் ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதில் சுமார் 193 ஹெக்டேரை அரசு அறிவித்தது. அறிவிப்பில் என்ன எழுதியிருந்தார்கள்? அங்கே ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள். எறும்புத்தின்னி, தேவாங்கு. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த ஊரையும் சேர்த்த பெரிய பரப்பில் டங்ஸ்டன் வெட்டியெடுக்க மத்திய அரசு நடத்திய ஏலத்தில் ஒரு கம்பெனி தேர்வாகியிருக்கிறது என்ற செய்தி வந்தது. சனங்கள் கொதித்துப்போனார்கள். கிராமம் கிராமமாகக் கூட்டம், டிசம்பரில் சட்டசபையில் தீர்மானம், 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பேரணி. ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து.

ரத்துக்கு முதல் காரணம் அந்த சனங்கள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் 'அங்கே வெறும் பாறையும் முள்ளும்தானே, சும்மா கிடக்கிற இடம்தானே' என்று எவரும் வாய் திறக்க முடியாமல் செய்ததில் அந்த 250-க்கும் ஒரு பங்கு உண்டு. அந்த எண்ணிக்கை ஆபீஸில் உட்கார்ந்து வந்ததில்லை. விடியக்காலையில் எழுந்து, பாறை ஏறி, நோட்டில் ஒவ்வொரு பெயராக எழுதி வைத்தவர்களால் வந்தது. பட்டாவில் ஒரு பெயர் இருந்தால் நிலத்துக்குப் பாதுகாப்பு. பட்டா இல்லாத நிலத்துக்கு இந்த மாதிரி 250 பெயர்.

"அப்ப நம்ம கம்மாய்க்கு லிஸ்ட் இருக்காண்ணே?" என்று கேட்டார் ப்ளாட்காரர். நல்ல கேள்வி!

அந்த வேலையைச் செய்ய நீங்கள் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. 2015-லிருந்து தமிழ்நாட்டில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' என்று ஒன்று நடக்கிறது. பொங்கலை ஒட்டி நாலு நாள். எந்த இடமானாலும் சரி. மொட்டை மாடி, வயல், கண்மாய், பஸ் ஸ்டாப். குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, என்னென்ன பறவை, எத்தனை என்று எழுதி, இ-பேர்டு என்கிற இணையதளத்தில் பதிந்துவிட வேண்டியதுதான். காக்கா, மைனாவும் கணக்கில் உண்டு. 'காக்காவையெல்லாமா எழுதுவது?' என்று கௌரவம் பார்க்கக் கூடாது. சிட்டுக்குருவியை ஒரு காலத்தில் அப்படித்தான் யாரும் எழுதவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததை எழுதினோம். பறவை நாற்பத்தொன்று வந்தது. ஆறுமணிக்குருவியைக் குரலோடு முதுகும் சேர்த்துக் கணக்கில் வைக்கலாம் என்று மருமகன் சாதித்தான். செடி வகையை எழுத ஆரம்பித்ததும்தான் அப்பத்தா சொன்னதில் பாதி இவனுக்கு மறந்துபோயிருந்தது தெரிந்தது. ஆப்பில் பார்க்கலாம் என்றான். போன் சார்ஜ் தீர்ந்திருந்தது. நாளைக்குக் காலையில் ஆடு வருகிற நேரத்துக்குப் போய் நின்று கேட்டு எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. ப்ளாட்காரரும் வருகிறேன் என்றார். "வேட்டி கட்டிட்டு வராதீக" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.